எதிர்கால இடைநிலை

ஒன்பதாம் வகுப்பு, இ பிரிவு, ஏழாவது பாடவேளை.
மங்கலம் ரோட்டில் துணி லாரி போகும்போதெல்லாம்
கரும்பலகை லேசாக நடுங்கும்.
ப், வ் என்று எழுதி
அடியில் ஒரு கோடு இழுத்தேன்.
எதிர்காலம் காட்டும் இடைநிலைகள்.
நடப்பான். உண்பாள். வருவோம்.
பரீட்சையில் இரண்டு மதிப்பெண்.

அதோடு விட்டிருக்கலாம்.
பெற்றோர் ஆசிரியர் கழகம் தரும் சம்பளத்துக்கு
அதற்கு மேல் யாரும் கேட்கப் போவதில்லை.
சும்மாதான் சொன்னேன்:
இந்த இரண்டு எழுத்தை வைத்துக்கொண்டு
இரண்டாயிரத்து ஐம்பத்தைந்தில்
ஒரு செவ்வாய்க்கிழமையை எழுதுங்கள்.

ஏனுங் மிஸ் செவ்வாய்க்கிழமை, என்றான் கவின்குமார்.
தீபாவளி என்றால் எல்லோரும் எழுதிவிடுவீர்களே.

முதலில் வந்தது
பதினேழு பறக்கும் கார். நான்கு கலெக்டர்.
கிழமையைக் கிரகமாக்கி
அங்கே ஒரு பனியன் கம்பெனி,
ஓவர்டைம் உண்டு.

நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்தேன்.
காரை யார் கழுவுவார்?
கலெக்டர் வீட்டுக் குழாயில்
எத்தனை நாளைக்கு ஒருதரம் தண்ணீர்?
அன்றைக்கு மத்தியானம்
உன் தட்டில் என்ன, ஆக்கியது யார்?

அப்புறம்தான் பேனாவைக் கடித்தார்கள்.

தர்னீஷின் அப்பா போர் வண்டியில் வேலை,
வருசத்தில் ஒன்பது மாதம் சத்தீஸ்கர்.
அவன் எழுதினான்:
வண்டி அப்பவும் போகும். துளை போடாது.
போட்ட துளைக்குள் எல்லாம்
மழைத்தண்ணியை இறக்கிவிட்டு வரும்.
அதற்கும் அடிக்கு இவ்வளவு என்று ரேட் இருக்கும்.
ஓட்டுவது நான்.
ராத்திரி வீட்டுக்கு வந்துவிடுவேன்.

வகுப்பில் ழகரம் தப்பாத ஒரே பையன்
ஒடிசாவிலிருந்து வந்த பிகாஷ்.
எங்கள் பாப்பாவிடம்
எப்ப ஊருக்குப் போவீங்க என்று
யாரும் கேட்க மாட்டார்கள்.
எதிர்மறை வினை. கேட்ட இடைநிலை அதில் இல்லை.
முழு மதிப்பெண் போட்டேன்.

சௌபர்ணிகா எழுதியது ஒரே வரி:
நாங்கள் நொய்யலில் குளிப்போம்.

சொறி புடிக்கும்ங் மிஸ், என்றது பக்கத்து பெஞ்ச்.
எங்கூட்லயும் இப்படித்தானுங் சொல்வாங்க,
அப்பெல்லாம் குளிப்போம்னு. அது பழசுங்.

அவள் எழுந்து நின்றாள்.
இல்லீங் மிஸ். இது இனிமேல்ட்டுங்.

இரண்டுக்கும் அதே ப்தான்.
வழக்கத்தைச் சொல்லவும் எதிர்காலம் வரும் என்று
சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம்.
சொல்லவில்லை.
அந்த வரி
இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று விட்டேன்.

அப்போதுதான் கடைசி பெஞ்சில்
வருசம் முழுக்க வாய் திறக்காத ரேவந்த்:
'தண்ணி வரும்'ங்கறதுல
ப்பும் இல்லீங், வ்வும் இல்லீங்.
முன்னாடி வ் இருக்குதேடா.
அது பகுதிடா.
அப்பத் தண்ணிக்கு எதிர்காலம் இல்லீங்களா மிஸ்?

சாக்பீஸ் கையில் வேர்த்தது.
உம் இருக்கிறது, என்றேன்.
அஃறிணைக்கு உம்தான் காலமும் காட்டும்.
அது வேறு எங்கெல்லாம் வரும்?
நானும் நீயும், என்றது ஒரு குரல்.
சாயப்பட்டறையும், என்றது இன்னொன்று.
சிரிப்பில் மணிச்சத்தம் அமுங்கிப்போனது.

பையை மாட்டிக்கொண்டு கவின்குமார் கேட்டான்:
நீங்க எழுதலீங்களா மிஸ்?
என் வேலை ஏப்ரல் வரைக்கும்.
அதை அவனிடம் சொல்ல முடியுமா.
நாளைக்குக் காட்டுவேன், என்றேன்.

பஸ்ஸில் நின்றபடி,
யாரோ ஒருவர் தோளுக்குப் பின்னால் நோட்டை வைத்து:
செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தரை.
குழாயைத் திறப்பேன்.

அதற்கு மேல் ஓடவில்லை.
காதில் மட்டும்
தண்ணீர் வருவதற்கு முன்னால்
குழாய் காற்றைத் துப்புமே,
அந்தச் சத்தம்.